படுதா இல்லாத ஜீப்பு

கொரோனா ஊரடங்கைத் தளர்த்தி, எங்களை மறுபடியும் ஏலக்காய்த் தோட்ட வேலைக்கு விட்ட சமயம் அது. எங்கள் ஊரான சிலமலையிலிருந்து ஜீப்பில்தான் மலையேறுவோம். பாதிப் பேர்தான் ஏற வேண்டும், முகக்கவசம் போட வேண்டும், பக்கப் படுதாவைச் சுருட்டிவிட்டுக் காற்றோட்டமாக வர வேண்டும் என்பது அரசாங்க உத்தரவு. நாங்களோ அடிவாரச் சோதனைச் சாவடியைத் தாண்டியதும், குளிருக்குப் பயந்து படுதாவை இறக்கிக் கட்டிவிடுவோம்.

ஒருநாள் டிரைவர் அண்ணன் அபராதத்துக்குப் பயந்து, படுதாவைக் கழற்றி வீட்டிலேயே போட்டுவிட்டு வந்துவிட்டார். மலையேற ஏறப் பல் கிட்டியது. சொந்தக்காரர் வீட்டுக்குப் போய்விட்டு அன்றுதான் வேலைக்குத் திரும்பிய பேச்சியக்கா, "ஏண்ணே, எங்கள வெறைக்க வச்சே கொல்லப் போறியா?" என்று வழி முழுக்கத் திட்டித் தீர்த்தாள்.

சாயங்காலம் திரும்பும்போது, ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோரைக் கடந்தோம். முகக்கவசத்தையும் மீறி வாசம் ஆளைத் தூக்கியது. பேச்சியக்கா மட்டும், "என்னடி, இன்னைக்கு ஸ்டோர்ல காய் போடலையா? வாசத்தையே காணோம்" என்றாள். எங்களுக்குத் தூக்கிவாரிப் போட்டது. வண்டியை நேரே போடி டவுன் ஆஸ்பத்திரிக்கு விடச் சொன்னோம்.

அக்காவுக்குக் கொரோனாதான். அவளோடு வந்த நாங்கள் வீட்டிலேயே தனித்திருந்தோம், ஒருத்திக்கும் வரவில்லை. "படுதா இல்லாம வந்தீங்களே, அதான் தப்பிச்சீங்க" என்றார் நர்ஸம்மா.

அக்காவும் நல்லபடியாகத் தேறி வந்துவிட்டாள். இப்போதும் மழை பெய்தாலொழிய எங்கள் ஜீப்பில் படுதா இறங்குவதில்லை. புதிதாக வருகிறவள் யாராவது கயிற்றில் கை வைத்தால், முதலில் சத்தம் போடுவது பேச்சியக்காதான்: "குளுந்தா சேலைய இழுத்துப் போத்து. படுதாவுல கை வச்சே, இங்கனயே எறக்கி விட்ருவேன்!"