மனோரஞ்சிதம் தூக்கிப் பார்த்த ட்ரெய்லர்

2009 மாசி, ஒரு சனிக்கிழமை விடியற்காலை ஐந்தரை. டென்மார்க்கின் ஸ்கீவ நகரத் தெருவெல்லாம் கண்ணாடியாய் உறைந்து கிடந்தது. வன்னியில் போரை நிறுத்தச் சொல்லிக் கோப்பன்ஹேகனில் பகல் பன்னிரண்டுக்குக் கூடும் தமிழ்ச் சனத்துக்கு ஸ்கீவக்காரரின் சாப்பாடுதான். மூன்று கிடாரம் சோறும் சாம்பாரும் கம்பளி சுற்றி ட்ரெய்லரில் ஏறியாயிற்று. வழமையில் நாலு மணித்தியால ஓட்டம்; பனியில் ட்ரெய்லரோடு ஆறு.

ஓட்ட வந்தவர் மனோரஞ்சிதம். வீடு வீடாகப் போய் முதியவர்களைப் பராமரிப்பவர். பத்து மாரிப் பனியிலும் இந்தத் தெருக்களில் கார் ஓட்டியவர். காரில் கொளுவுமுன் ட்ரெய்லரின் முன்முனையை, மூக்கை, பிடித்துத் தூக்கினார். ஒரு கையிலேயே லேசாக எழும்பிற்று.

"ஆர் கிடாரத்தைப் பின்னுக்கு வைச்சது?"

"நான்தான். கதவைத் திறந்த உடனை இறக்கலாம்," என்றார் சமையலுக்குப் பொறுப்பான ஆனந்தராஜா.

"போய்ச் சேர்ந்தால் இறக்கலாம் அண்ணை. மூக்கு லேசா எழும்பினால் பின்னுக்குப் பாரம்; ஓடேக்கை வால் ஆடும். சில்லுக்கு மேலை, கொஞ்சம் முன்னுக்குத் தள்ளி வையுங்கோ."

"அங்கை சனம் சாகுது, நீர் இஞ்சை பாரம் பாக்கிறீர்! உமக்கு வன்னியிலை ஒருத்தரும் இல்லைப் போலை."

மனோரஞ்சிதத்தின் தம்பி வன்னியில், புதுக்குடியிருப்பில் இருந்தான். பதினாறு நாளாக ஒரு தகவலும் இல்லை. அவர் ட்ரெய்லரின் மூக்கைக் கீழே இறக்கி வைத்தார்.

"போன வருசம் கோயில் கதிரையளோடை தெருவோரக் கானுக்குள்ளை போனது நான்தான் அண்ணை. கதிரையைப் பொறுக்கி எடுத்தன். சாம்பாரைப் பொறுக்கேலாது."

சிரிப்பை அடக்கிக்கொண்டு நாலுபேர் கிடாரங்களை நகர்த்தினார்கள். இருபது நிமிடம் போயிற்று.

வழியில், கடலுக்கு மேலே உயர்ந்து போகும் வைல பாலத்தில் பக்கக் காற்று அடித்தது. தெருவைவிடப் பாலம் முதலில் உறையும். ட்ரெய்லர் இடமும் வலமுமாய் ஆடத் தொடங்கியது.

"பிறேக் அடியுங்கோ அக்கா!" உதவிக்கு ஏறிப் பக்கத்தில் இருந்த பீற்றர் கத்தினான்.

அவர் அடிக்கவில்லை; அடித்தால் ட்ரெய்லர் காரையே திருப்பிவிடும். அக்சிலேற்றரிலிருந்து காலை எடுத்தார். ஸ்டியரிங்கை நேரே பிடித்தார். ஆட்டம் ஒன்று, இரண்டு, மூன்று, பிறகு அடங்கிற்று.

"உயிரோடை இருக்கிறீரோ பீற்றர்?"

"ஓம் அக்கா. கொஞ்சம்."

பன்னிரண்டேகாலுக்குக் கோப்பன்ஹேகனில் கிடார மூடி திறந்தபோது ஆவி பறந்தது. விறைத்த கைகள் சாப்பாட்டுக் கோப்பைகளோடு வரிசையாய் நீண்டன. பேருந்தில் முன்னமே வந்திருந்த ஆனந்தராஜா பீற்றர் சொன்ன பாலத்துக் கதையைக் கேட்டபடி கரண்டியால் சோறு அள்ளிப் போட்டார்.

அடுத்த சனி விடிய மனோரஞ்சிதம் வந்தபோது, கிடாரங்களைச் சில்லுக்கு மேலே ஏற்றிவிட்டு ஆனந்தராஜா குனிந்து ட்ரெய்லரின் மூக்கோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்.

"ஒரு கையிலை எழும்புதில்லைத் தங்கச்சி."

"அப்ப கொளுவுங்கோ அண்ணை. போவம்."