முதுகுக்குப் பின்னால் ஒரு குரல்

வேலூர் ஃபுட்பால் டீமில் எனக்கு ஆம்பூரு என்று பெயர். என் சொந்தப் பெயர் அவர்களுக்குத் தெரியாமல் இல்லை. முதல் நாள் பயிற்சியில் கோல்கீப்பர், "யோவ் ஆம்பூரு, கொஞ்சம் தள்ளி நில்லு" என்றான். அதுவே நிலைத்துவிட்டது. மாவட்டம் ஒன்றாக இருந்த காலத்தில் எங்கள் ஊர்ப் பையன்கள் ஐந்தாறு பேராவது அந்த டீமில் இருப்போம். அப்போது யாரும் யாரையும் ஊர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. மாவட்டத்தை மூன்றாகப் பிரித்ததும் ஆம்பூர் திருப்பத்தூரோடு போய்விட்டது. பையன்களும் போய்விட்டார்கள். நான் மட்டும் வேலூர் சட்டையில் மிச்சமானேன்.

காரணம் வேலைதான். வேலூரில், தோல் கம்பெனிகளுக்கு ஏற்றுமதிக் காகிதங்கள் தயார் செய்துகொடுக்கும் ஓர் அலுவலகத்தில் சேர்ந்தேன். சத்துவாச்சாரியில் மாடி ரூம். அப்பாவுக்குத் தோல் ஷெட்டில் சுண்ணாம்புத் தொட்டி வேலை, அம்மாவுக்கு ஷூ கம்பெனியில் தையல். எங்கள் வீட்டிலிருந்து காலேஜுக்குப் போன முதல் ஆள் நான். மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து பார்க்கிற வேலை கிடைத்த சந்தோஷத்தில், கேஸ் இணைப்புக்காக ஆதாரில் முகவரியை மாற்றிவிட்டேன். பந்து அப்போது ஞாபகத்துக்கே வரவில்லை. செலக்‌ஷனுக்குத் திருப்பத்தூர் போய் நின்றபோது, "ஆதார்ல எந்த ஊரோ அந்த ஊருக்குத்தான்பா ஆடணும்" என்று திருப்பி அனுப்பினார்கள்.

அன்றைக்கு என்னோடு வந்திருந்த தோஸ்தை எடுத்துக்கொண்டார்கள். பஸ் ஸ்டாண்டு வரை வந்து வழியனுப்பினான். "இன்னாடா பெரிய வித்தியாசம்? நடுவுல ஒரு மணி நேர ரோடு" என்றான்.

தோஸ்த் என்று நான் மட்டும்தான் அவனைக் கூப்பிடுவேன். எட்டாம் வகுப்பிலிருந்து தடுப்பு ஆட்டத்தில் நடுவில் நிற்பது நாங்கள் இருவரும்தான். பள்ளிக்கூடத்திலும் சரி, ஊர் கிளப்பிலும் சரி, பழைய மாவட்ட டீமிலும் சரி, நான் முன்னால், அவன் ஓர் அடி பின்னால். உயரமாக வருகிற பந்துக்கு நான் எம்பப் போவேன். பந்து என்னைவிட அவனுக்கு வாகாக வருகிறது என்றால் பின்னாலிருந்து "சோட் ரே!" என்று சத்தம் வரும். அவர்கள் வீட்டு உருதில் 'விட்டுடு' என்று அர்த்தம். உடனே தலையைக் குனிந்துகொள்வேன். பந்து எனக்கு மேலே போய் அவன் நெற்றியில் படுகிற சத்தம் கேட்கும். அதற்குள் நான் அடுத்த வேலையைப் பார்க்க ஓடியிருப்பேன். திரும்பிப் பார்த்ததே கிடையாது. "உனக்கு முதுகுல கண்ணு இல்லடா, நான் இருக்கேன்" என்று தோஸ்த் பீத்திக்கொள்வான்.

வேலூர் டீமில் எனக்குப் பின்னால் நின்றவன் நல்ல ஆட்டக்காரன். ஆனால் வாயைத் திறக்கமாட்டான். பந்து வரும், அவன் எடுப்பான் அல்லது நான் எடுப்பேன், சில சமயம் இரண்டு பேரும் மோதிக்கொள்வோம். ஒவ்வொரு பந்துக்கும் ஒருமுறை பின்னால் பார்ப்பது எனக்குப் பழக்கமாகிவிட்டது. கோச் கோட்டுக்கு வெளியிலிருந்து கத்துவார்: "முன்னாடி பாருடா! பின்னாடி இன்னாத்தத் தேடுற?"

ஆட்டம் முடிந்தால் அவரவர் பைக்கில் கிளம்பிவிடுவார்கள். யார் மேலும் குறை சொல்ல முடியாது. எல்லோருக்கும் போவதற்கு வீடு இருந்தது. நான் சர்வீஸ் ரோட்டு ஓரமாக நடந்து ரூமுக்குப் போய், காலுறையைத் துவைத்துக் கொடியில் போட்டுவிட்டு தோஸ்துக்கு போன் போடுவேன். ஆரம்பத்தில் முழு ஆட்டத்தையும் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வோம். போகப்போக அவன் பேச்சில் எனக்குத் தெரியாத பெயர்கள் ஜாஸ்தியாகின. "ஜோலார்பேட்டைப் பையன் ஒருத்தன் வந்திருக்கான்டா. உன் எடத்துல போட்டிருக்காங்க. நல்லா எம்புறான். ஆனா சொன்னா கேக்க மாட்டான். கத்திக் கத்தித் தொண்டையே போச்சி."

நான் சிரித்தேன். போனை வைத்த பிறகும் 'உன் எடத்துல' என்பது மட்டும் காதில் நின்றது.

எப்படியோ எங்கள் டீம் ஜெயித்துக்கொண்டே வந்தது. ராணிப்பேட்டை மாவட்டத்தோடு சோளிங்கரில் ஆட்டம். மலையடிவாரத்துப் பள்ளி மைதானம். கீப்பர் ஆட்டத்துக்கு முன்னால் மலைக்கோயிலைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டான். எங்கள் வலையில் ஒரு கோல்கூட விழவில்லை. வரும்போது வேனில் அவனுக்கு ஏகப்பட்ட கும்மாளம். எல்லோர் தலையிலும் ஒரு தட்டு தட்டிக்கொண்டே வந்தவன் என் தலையிலும் தட்டினான். "நீயும் பரவால்ல ஆம்பூரு." அந்த ஒரு தட்டுக்காக நான் எவ்வளவு நாளாகக் காத்திருந்தேன் என்று அவனுக்குத் தெரிந்திருக்காது. கடைசி ஆட்டத்தில் தோற்காமல் இருந்தால் போதும், அடுத்த கட்டத்துக்குப் போய்விடுவோம். வெளியூரில் ஒரே ஹாலில் பாய் போட்டுத் தூங்கி, ஒரே வரிசையில் உட்கார்ந்து சாப்பிட்டால் நானும் இவர்களில் ஒருத்தனாகிவிடுவேன் என்று மனசுக்குள் ஒரு கணக்கு வைத்திருந்தேன்.

கடைசி ஆட்டம் திருப்பத்தூர் மாவட்டத்தோடு. ஆம்பூரில், நான் விளையாடக் கற்றுக்கொண்ட அதே மைதானத்தில்.

ஆட்டத்துக்கு முதல் நாள் அம்மா போனில் சொன்னாள்: "நாளைக்கு ஞாயித்துக்கெழம, எனக்கும் லீவுதான். கறி எடுத்து வெக்கிறேன். ஆட்டம் முடிஞ்சதும் வந்துடு."

மைதானத்தைச் சுற்றித் தெரிந்த முகங்கள்தான். நான் நீலச் சட்டையில் இறங்கியதும் சுவர் மேலிருந்து ஒருத்தன், "டேய் வேலூரு! வழி தெரிஞ்சி வந்தியா?" என்று கத்தினான். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன். எதிர்ப்பக்கம் நின்ற தோஸ்த் கண்ணடித்தான்.

இரண்டாம் பாதி முடியப்போகிற நேரம் வரை கோல் இல்லை. அவர்களுக்கு ஒரு கார்னர் கிடைத்தது. உயரமானவர்கள் எல்லோரும் எங்கள் கோல் முன்னால் வந்து நின்றார்கள். ஜோலார்பேட்டைப் பையன் என் தோளை ஒட்டி நின்றான். தோஸ்த் எங்கள் இருவருக்கும் பின்னால். பந்து வளைந்து வந்தது. நேராக என் தலைக்குத்தான். எம்புவதற்குக் காலை ஊன்றினேன்.

"சோட் ரே!"

குனிந்துவிட்டேன்.

நினைத்துச் செய்ததல்ல. முள் குத்தினால் கால் தானாக விலகுகிற மாதிரிதான். பந்து எனக்கு மேலே போயிற்று. அந்தப் பழைய சத்தம் கேட்டது, நெற்றியில் படுகிற சத்தம். திரும்பியபோது வலை ஆடிக்கொண்டிருந்தது.

"இன்னாடா பண்ண? இன்னா பண்ண நீ?" கீப்பர் தரையில் உட்கார்ந்தபடியே கேட்டான். மீதி நேரம் எப்படிப் போனது என்றே தெரியவில்லை. ஒன்றுக்குச் சைபர். எங்கள் சீசன் அதோடு முடிந்தது.

ஜெயித்தாலும் தோற்றாலும் ஆம்பூரில் பிரியாணி வாங்கித் தருவதாகக் கோச் முன்பே சொல்லியிருந்தார். சொன்னபடி கூட்டிப்போனார். பரிமாறுகிறவர் என் இலையில் கத்தரிக்காய்த் தொக்கை வைத்துவிட்டு, "எந்த ஊரு தம்பி, வேலூரா? நம்ம ஊரு பிரியாணி சாப்ட்டிருக்கீங்களா?" என்றார். சாப்பிட்டிருக்கிறேன் என்றேன். எங்கள் வீடு அங்கிருந்து இரண்டு தெரு தள்ளி.

எதிரில் உட்கார்ந்திருந்த கீப்பர் போனில் யாரோ எடுத்த வீடியோவைத் திரும்பத் திரும்ப ஓட்டிக்கொண்டிருந்தான். "எப்படிக் குனியறான் பாரு. கோயில்ல கும்புடற மாதிரி. சொந்த ஊருக்குப் பிரசாதம் குடுத்துட்டான்." பக்கத்தில் இருந்தவர்கள் சிரிக்கவில்லை. அதுதான் எனக்குப் பேஜாராக இருந்தது. போனை என் முகத்துக்கு நேராக நீட்டினான். பார்த்தேன். பந்து வருகிறது. என் தலை குனிகிறது. என் தோளை ஒட்டி இன்னொரு தலையும் அதே நேரத்தில் குனிகிறது. ஜோலார்பேட்டைப் பையனுடையது.

பாதிச் சோற்றோடு இலையை மடித்தேன்.

கை கழுவ வெளியே வந்தபோது தோஸ்த் வாசலில் பைக்கை நிறுத்திக்கொண்டிருந்தான். கழுத்தில் யாரோ போட்ட மாலை. என்னைக் கட்டிக்கொண்டான்.

"க்யா ரே, இன்னா ஆச்சி உனக்கு? உன் தலைக்கு வந்த பந்துடா அது. நீ அடிச்சித் தள்ளிடுவேன்னுதான் நெனச்சேன். எப்படி விட்டே?"

சட்டையில் கையைத் துடைத்தேன். என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தவனுடைய சிரிப்பு மெல்ல இறங்கியது.

"டேய்... நான் அவனுக்குச் சொன்னேன்டா. உனக்குன்னா நெனச்சே?"

"சேச்சே. கால் வழுக்கிடுச்சி."

"நெஜமா?"

"நெஜமாடா. மாலைய எறக்குடா மொதல்ல, மாப்பிள்ளை மாதிரி நிக்கிற."

அவன் நம்பவில்லை. ஆனால் அதற்கு மேல் கேட்கவும் இல்லை. உள்ளேயிருந்து கோச் வந்து வேனைக் காட்டினார். "நீ இங்கயே எறங்கிக்கிறியாப்பா? உங்க ஊருதானே?"

கீப்பர் படியில் ஒரு கால் வைத்தபடி என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். அப்போது அங்கே நின்றுவிட்டால் அவன் சொன்னதெல்லாம் நிஜமாகிவிடும்.

"இல்ல சார், வர்றேன்" என்று ஏறினேன். இருந்த ஒரே காலி இடம் கீப்பர் பக்கத்தில். உட்கார்ந்தேன். கண்ணாடி வழியாக தோஸ்த் கையாட்டினான். பைக்கின் பின் சீட்டில் அந்த ஜோலார்பேட்டைப் பையன் ஏறி உட்கார்ந்தான்.

மாதனூரைத் தாண்டும்போது அம்மாவின் போன்.

"டேய், ஜெயிச்சிட்டீங்களாமே! தெருவுல பட்டாசு வெடிக்கிறானுங்க. அப்பா வாசல்லயே நிக்கிறாரு. எங்க இருக்க நீ?"

"ஆமாம்மா" என்றேன். "ஒரு அவசர வேலை, வேலூருக்குப் போய்ட்டிருக்கேன். அடுத்த வாரம் வர்றேன்."

"கறி ஆக்கி வெச்சிருக்கேனேடா."

"அப்பாவுக்குப் போடும்மா."

போனை வைத்தேன். கீப்பருக்கு எல்லாம் கேட்டிருந்தது.

"ஜெயிச்சிட்டோம்னா சொன்ன?"

"நான் எந்த டீமுன்னு அவங்களுக்குத் தெரியாதுபா."

அவன் இயர்போன் வயரின் சிக்கலைப் பிரித்தான்.

"எனக்குந்தான் தெரில ஆம்பூரு" என்றான். அதில் கோபம் இருந்த மாதிரி தெரியவில்லை. பிறகு இரண்டு காதிலும் இயர்போனை வைத்துக்கொண்டு கண்ணை மூடினான். பள்ளிகொண்டா டோல்கேட்டில் வேன் நின்றது. பின்னால் யாரோ யாரையோ பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். நான் திரும்பவில்லை.