சிலீப்பர் கட்டை அருவி

சிவசம்பு முப்பது வருடத்துக்கு மேல் ரயில்வேயில் இருந்தவர். ரயில் ஓட்டியவரில்லை, தண்டவாளத்தில் இறங்கி நடந்ததுகூட இல்லை. சாமான் கிடங்குப் பிரிவின் தலைமைக் கிளார்க். திருகாணி முதல் இன்ஜின் சக்கரம் வரை எது வேண்டுமானாலும் அவர் மேசையைத் தாண்டித்தான் போகவேண்டும் என்பதால், நாட்டில் ரயில் ஓடுவதே தன் கையெழுத்தில்தான் என்று உறுதியாக நம்பினார். அவர் ஓய்வுபெற்ற மறுநாளும் ரயில் ஓடியது. அதை அவர் மன்னிக்கவே இல்லை.

பிரிக்ஃபீல்ட்ஸ் குவார்ட்டர்ஸைக் காலி செய்து, சேமநிதிப் பணத்தில் சுபாங் ஜெயாவில், வரிசையாக ஒட்டிக் கட்டிய டெரஸ் வீடுகளில் ஒன்றை வாங்கினார். அந்தக் காலத்து டெரஸ் வீடுகள் எல்லாவற்றுக்கும் போல அதற்கும் நடுவில், கூடத்துக்கும் சமையலறைக்கும் இடையே, வெளிச்சம் இறங்க, கூரையில்லாத சின்ன முற்றம் போல ஓர் ஏர்வெல் இருந்தது. பழைய வீட்டுக்காரர் அதற்கு மேலே கண்ணாடித் தகடு போட்டு மூடி, கீழே ஒரு சிமெண்டுக் குளம் கட்டி, அதில் சில சிவப்பு மீன்களையும் விட்டுவிட்டுப் போயிருந்தார். குளத்தை மூடி அந்த இடத்தில் தன் எழுத்து மேசையைப் போடவேண்டும் என்பது சிவசம்புவின் திட்டம். ஓய்வுபெற்றவருக்கு எழுத என்ன இருக்கிறது என்று அவர் மனைவி தங்கரத்தினம் கேட்கவில்லை. "மீன் இருக்கட்டும்" என்று மட்டும் சொன்னார். மீன் இருந்தது.

தினமும் காலையில் தங்கரத்தினம் ரொட்டித் துண்டைப் பிய்த்துப் போட்டுக்கொண்டே மீன்களோடு பேசுவார். பாசாரில் மீன் விற்ற விலையை மீனிடமே சொல்லுமளவுக்கு இரக்கமில்லாத பெண்மணி அல்ல. கீரை விலை, முழங்கால் நோவு, தம்பி பெண்சாதியின் புதுச் சங்கிலி, இப்படித்தான் தொடங்கும். பிறகு கடல் கடந்து பெர்த் நகரத்தில் இருக்கும் மகன் பாலேந்திரனின் சங்கதி வரும். பாலேந்திரன் ஒரு வெள்ளைக்காரப் பெண்ணைக் கட்டிக்கொண்ட நாளிலிருந்து, அவன் பெயரை இந்த வீட்டில் எடுக்கக்கூடாது என்பது சிவசம்புவின் உத்தரவு. மீனிடம் எடுக்கக்கூடாது என்று உத்தரவில் இல்லை.

கூடத்தில் பேப்பரை விரித்துப் பிடித்தபடி சிவசம்பு எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருப்பார். அந்த நேரம் பார்த்து மட்டும் பேப்பரின் பக்கம் புரளாது. மகனுக்கு வேலை மாறியது, வீடு மாறியது, மருமகள் முழுகாமல் இருப்பது எல்லாம் அவருக்கு இப்படித்தான் தெரியும். கேட்டு முடிந்ததும் பேப்பரை மடித்துவிட்டு, "இஞ்சேர், மீனுக்குக் காது இல்லை" என்று அறிவு புகட்டுவார்.

இப்படி ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்த வாழ்க்கையில், தங்கரத்தினத்தின் தம்பி சண்முகரத்தினம் பெட்டாலிங் ஜெயாவில் தன் வீட்டுக் குளத்துக்கு அருவி வைத்தான். பிறந்தநாள் விருந்துக்குப் போன எல்லோரும் சாப்பாட்டை விட்டுவிட்டு அதைச் சுற்றி நின்றார்கள். சிவசம்பு அது எப்படி வேலை செய்கிறது என்று விளக்க வாயெடுத்தார்.

"ஆள் வைச்சுச் செய்தது அத்தான்," என்றான் சண்முகரத்தினம். "இதெல்லாம் நம்ம கையால செய்யச் சரிவராது லா."

"முழு ரயில்வேக்கும் சாமான் குடுத்தவன் நான். இது என்ன பெரிய காரியம்? தீபாவளிக்கு வீட்டுக்கு வா. காட்டுறன்."

வீடு திரும்பும் வழியிலேயே தங்கரத்தினம் தடுத்துப் பார்த்தார். "இஞ்சருங்கோ, அதுகள் சுகமா இருக்குதுகள். வெள்ளிக்கிழமையில நான் ரெண்டு வாளி தண்ணி மாத்துறன், அது போதும். கையை வையாதேங்கோ."

சிவசம்பு காதில் போட்டுக்கொள்ளவில்லை. மறுநாளே வரைபடம் தயாராயிற்று. கார்பன் தாள் வைத்து மூன்று பிரதிகள். ஒன்று மனைவிக்கு, தகவலுக்காக. அவர் அதைச் செத்தல் மிளகாய் டின்னுக்கு அடியில் விரித்தார்.

திட்டத்தில் பிழை ஒன்றுமில்லை. குளத்துக்குள் ஒரு பம்பு. அது தண்ணீரைக் குழாய் வழியாக மேலே ஏற்றும். மேலே பாதியாக வெட்டிய நீலப் பீப்பாய். அதற்குள் பஞ்சும் கூழாங்கல்லும். அழுக்கு அங்கே தங்கிவிட, சுத்தமான தண்ணீர் விளிம்பைத் தாண்டி, படிபடியாக விழுந்து குளத்துக்கே திரும்பும். ஒரே ஒரு கேள்விதான் பாக்கி. கல்லும் தண்ணீரும் நிறைந்த பீப்பாயைத் தாங்குவது எது? செங்கல் என்றார் பக்கத்து வீட்டுக்காரர். செங்கல்லாவது! விரிசல் விடும். இரும்பு துருப்பிடிக்கும். சாதாரண மரம் மக்கிப்போகும். யோசித்துக்கொண்டே இருந்தவருக்குச் சட்டென்று முகம் மலர்ந்தது. தண்டவாளத்துக்கு அடியில் போடும் சிலீப்பர் கட்டை!

எத்தனை ஆயிரம் கட்டைகளுக்குக் கையெழுத்துப் போட்டிருப்பார். மழையில் கிடந்தாலும் மக்காது, கறையான் அரிக்காது, எறும்புகூடக் கூடு கட்டாது என்று கோப்பில் அவர் படித்திருக்கிறார். ஏன் என்று மட்டும் கேட்டதில்லை. எத்தனை என்று கேட்பதுதான் அவர் வேலை. கட்டைகளோடு சேர்த்து வருடாவருடம் பீப்பாய் பீப்பாயாக ஒரு கறுப்பு எண்ணெயும் அவர் கையெழுத்தில் போனது. அது எதற்கு என்றும் அவர் கேட்டதில்லை.

செந்தூலிலிருந்து லோரிக்காரர் பக்கிரிசாமி, கழித்துப்போட்ட கட்டைகளைக் கொண்டுவந்து இறக்கினார். தன் வீட்டுப் பின்பக்கம் இடத்தை அடைத்துக்கொண்டு கிடந்த சனியன் ஒழிந்த சந்தோஷம் அவருக்கு. "இரும்பு மாதிரி கட்டை சார். உங்களுக்குன்னா இன்னும் ஒரு லோரி கொண்டுட்டு வரேன் லா."

பிறகு சிவசம்பு அறுத்தார். ரம்பம் வளைந்தது, கை கொப்பளித்தது, பனியன் தார் நிறமாயிற்று. வீடெல்லாம் ஒரு காரமான நெடி. தங்கரத்தினம் மூக்கைப் பொத்திக்கொண்டு, "இது என்ன நாத்தம்?" என்றார்.

"ரயில்வே வாசம்" என்றார் அவர், பெருமையாக.

கட்டைகளை நிறுத்தி, குறுக்கே கட்டை வைத்து, பீப்பாயைத் தூக்கி உட்காரவைத்தார். அதோடு நிறுத்தியிருந்தாலாவது பரவாயில்லை. மைத்துனன் வீட்டு அருவி கல்மேல் விழுகிறது. தன்னுடையது விசேஷமாக இருக்கவேண்டும் என்று, வெட்டிய துண்டுகளையே படிகளாக அடுக்கி, தண்ணீர் அந்தக் கட்டைமேலேயே வழுக்கி இறங்கும்படி செய்தார்.

தீபாவளியன்று சுவிட்சைப் போட்டார். சொல்லவேண்டியதைச் சொல்லத்தான் வேண்டும், அருவி அழகாகத்தான் விழுந்தது. சுபாங்கில் இறங்கும் விமானச் சத்தத்தையும் மீறிச் சலசலத்தது. சண்முகரத்தினம் முறுக்கைக் கடித்தபடி அருவியையே பார்த்துக்கொண்டு நின்றான். தண்ணீர்மேல் வானவில் போல ஒரு படலம் மின்னியதை ஒரு பெண் கவனித்துக் கேட்டாள். "அது வெளிச்சம் விழுகிற விதம்" என்று விளக்கினார் சிவசம்பு. ஓய்வுபெற்ற பிறகு அவரிடம் ஒருவர் கேள்வி கேட்டது அதுதான் முதல் தடவை. அன்றைக்கு அவர் கால் தரையில் பாவவில்லை.

இரண்டு நாளில் மீன்கள் மேலே வந்து வாயைப் பிளந்தன. அடுத்த நாள் ஒருக்களித்து மிதந்தன. குழாய்த் தண்ணீரில் மருந்து அதிகம் என்றார் சிவசம்பு. சண்முகரத்தினத்தின் பிள்ளைகள் முறுக்கைப் போட்டிருப்பார்கள் என்றார். தங்கரத்தினம் மீன்களை ஒவ்வொன்றாகக் கையில் எடுத்து, வாசலில் கறிவேப்பிலைச் செடியின் அடியில் புதைத்தார்.

அதற்குப் பிறகு வீட்டில் ஒரு குறையும் இல்லை. வேளைக்குச் சாப்பாடு வந்தது. "என்ன கறி?" என்றால் இன்ன கறி என்று பதில் வந்தது. காலையில் சிவசம்பு பேப்பரை விரித்துப் பிடித்தபடி காத்திருப்பார்; அருவி மட்டும் சலசலக்கும். மருமகளுக்குப் பேறு மாதமாகிவிட்டது என்று அவருக்குத் தெரியும். பெர்த்திலிருந்து போன் வந்ததும் தெரியும். தங்கரத்தினம் அதை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போய்க் கதவைச் சாத்தினார். பிறந்துவிட்டதா, தாயும் பிள்ளையும் சுகமா? தொண்டைவரை வந்த கேள்வியைத் தன் உத்தரவே தடுத்து நின்றது.

ஒருநாள் வெறுங்குளத்தையே பார்த்துக்கொண்டிருந்தவருக்கு ஒன்று உறைத்தது. அந்தக் கட்டையில் எறும்பு இல்லை. தண்ணீரில் கொசுப்புழு இல்லை. சுவரிலிருந்த பல்லிகூட வேறு வீடு பார்த்துக்கொண்டு போய்விட்டது. கோப்பில் எழுதியிருந்தது அத்தனையும் உண்மை. பீப்பாய் பீப்பாயாகப் போன எண்ணெய், பூச்சி புழுவைக் கொல்லக் கட்டைக்குள் ஏற்றும் நஞ்சு என்று, வேலையை விட்டுவந்த பிறகு, சொந்தக் குளத்தில் அவருக்குத் தெரிந்தது.

கட்டைகளைப் பிடுங்கி எறிந்தார். சவர்க்காரம் போட்டுக் குளத்தை நாள்கணக்கில் தேய்த்துக் கழுவி ஊறவிட்டார். செங்கல்லில் தூண் கட்டிப் பீப்பாயை ஏற்றி அருவியை மறுபடி ஓடவிட்டார்; வாசலில் செங்கல் இறங்கியதைப் பக்கத்து வீட்டுக்காரர் வேலி வழியாகப் பார்த்துச் சிரித்ததையும் பொறுத்துக்கொண்டார். கிள்ளானுக்குப் போய் சிவப்பு மீன்கள் வாங்கிவந்து விட்டார். தங்கரத்தினம் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை.

வேறு வழியில்லாமல், அடுத்த நாள் காலையில் சிவசம்பு தானே குளத்தின் விளிம்பில் உட்கார்ந்தார். கையில் ரொட்டித் துண்டு. பழக்கமில்லாத வேலை, தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"கட்டையைத் தெரிவு செய்ததில ஒரு தவறு நேர்ந்திட்டுது," என்றார் மீன்களைப் பார்த்து. மன்னிப்பையும் அவருக்கு ஆபீஸ் பாஷையில்தான் கேட்கத் தெரிந்தது. ரொட்டியில் ஒரு துணுக்கைப் பிய்த்துப் போட்டார். பிறகு, வேறு யாருடையதோ போன்ற குரலில், "பெர்த்தில என்ன சங்கதியோ தெரியேல்லை" என்றார்.

சமையலறையில் தேங்காய் துருவும் சத்தம் நின்றது.

"மீனுக்குக் காது இல்லை எண்டு எனக்குத் தெரியாதே?" என்றது உள்ளிருந்து குரல். "இத்தனை நாளும் நான் ஆருக்குச் சொன்னனான் எண்டு நினைச்சீங்கள்?"

சிவசம்புவின் கையிலிருந்த ரொட்டி மொத்தமாகத் தண்ணீரில் விழுந்தது. மீன்கள் அதைச் சூழ்ந்துகொண்டன.

"பொம்பிளைப் பிள்ளை. ரெண்டு கிழமை ஆச்சு. உங்கட மூக்காம்."

அவர் எழுந்து போய் அருவியின் சுவிட்சை அணைத்தார். பிறகு சமையலறை வாசலில் போய் நின்று, "பேர் வைச்சாச்சோ?" என்று கேட்டார்.