மூன்றாம் நம்பர் பெட்டியின் பட்டியல்

குன்னத்துக்குக் கிழக்கே வெங்காயக் காட்டில் கூலிக்குப் போய்த்தான் ராசாங்கமும் ரெங்கம்மாளும் மகள் மணிமொழியை வளர்த்தார்கள். பன்னிரண்டாவது முடித்ததும் பெரம்பலூரில் ஆறு மாதம் கம்ப்யூட்டர் படித்தாள். படித்த கையோடு லப்பைக்குடிகாட்டில் நசீருதீன் பாயின் பிரவுசிங் சென்டரில் வேலை கிடைத்தது. அப்போது அவளுக்குப் பத்தொன்பது வயது. அளந்துதான் பேசுவாள், பேசிய பேச்சிலிருந்து இறங்கமாட்டாள். இது நடந்தது இரண்டாயிரத்து ஆறில்.

அந்த ஊரில் வீட்டுக்கு ஓர் ஆணாவது சவூதியிலோ குவைத்திலோ இருப்பார். போனில் பேசினால் குரல் மட்டும்தான். சென்டரில் வந்து உட்கார்ந்தால் முகமும் தெரியும். அதனால் காலை பத்திலிருந்து இரண்டு மணி வரை கடை பெண்களுக்கு மட்டும் என்று நசீருதீன் ஏற்பாடு செய்திருந்தார். அந்த நேரத்துக்குத்தான் மணிமொழி. இரண்டு மணிக்கு மேல் ஆண்கள். அப்போது அவருடைய தம்பி முகமது அனஸ் கல்லாவில் உட்காருவான். மொத்தம் ஐந்து கம்ப்யூட்டர் பெட்டிகள். காலையில் பெண்கள் பார்க்கும் அதே பெட்டியைத்தான் சாயங்காலம் ஆண்கள் பார்ப்பார்கள். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், வம்பெல்லாம் இதில்தான் இருக்கிறது.

மணிமொழி வந்தபிறகு பெண்கள் கூட்டம் கூடியது. எழுதத் தெரியாதவர்களுக்கு அவளே டைப் அடித்துக்கொடுப்பாள். காமிரா எந்தப் பக்கம் பார்க்கிறது என்று தெரியாமல் சுவரைப் பார்த்துப் பேசுகிறவர்களைத் தோளைப் பிடித்துத் திருப்பி உட்கார வைப்பாள். குழந்தைக்குப் பல் முளைத்ததை வெளிநாட்டிலிருக்கும் தகப்பனுக்குக் காட்ட வேண்டுமென்றால், உதட்டை விலக்கிப் பிடிப்பதும் அவள்தான். இப்படி ஒன்றரை வருடம். ஒரு பெண்ணும் ஒரு குறை சொன்னதில்லை.

ஆடி மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை ஜன்னத் என்ற பெண் தன் மாமியார் இஃப்பத்தைக் கூட்டி வந்தாள். இஃப்பத்தின் மகன் காமில் சவூதியில் தமாமில் வேலை பார்த்தான். தாய் மகன் முகத்தைப் பார்த்து மூன்று வருடம் ஆகிவிட்டது. மூன்றாம் நம்பர் பெட்டியில் உட்கார வைத்தாள் மணிமொழி. முகம் வந்தது. அந்த அம்மாள் கண்ணாடியைத் தடவுவதுபோலத் திரையைத் தடவினாள். அவன் மெயிலில் அனுப்பியிருந்த போட்டோவையும் மாமியாருக்குக் காட்டலாம் என்று ஜன்னத் இன்டர்நெட்டைத் திறந்தாள். அவ்வளவுதான். மகன் முகத்தின்மேல் துணியில்லாத ஒரு பெண் படம் வந்து நின்றது. மூடினால் இரண்டு வந்தது. அதை மூடினால் இன்னும் மூன்று.

"அஸ்தஃபிருல்லாஹ்" என்று இஃப்பத் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். மணிமொழி ஓடிவந்து வயரையே பிடுங்கினாள். படமும் போயிற்று, மகன் முகமும் போயிற்று.

பக்கத்துக் கட்டிடத்தில்தான் நசீருதீனின் ஜவுளிக்கடை. சத்தம் கேட்டு வந்தவர், என்ன ஏது என்று ஒரு வார்த்தை விசாரித்திருக்கலாம். விசாரிக்கவில்லை. எட்டுப் பெண்கள் பார்த்துக்கொண்டிருக்க, மணிமொழியைப் பார்த்துச் சொன்னார்: "காலைல வந்து ஆளில்லாத நேரத்துல என்னத்தம்மா பாத்து வெச்சே?"

பிடுங்கிய வயர் அவள் கையிலேயே இருந்தது. அந்த எட்டுப் பெண்களும் செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு ஒவ்வொருவராக வெளியே போனதை நின்று பார்த்தாள். அவள் உதடு விலக்கிப் பிடித்த குழந்தையின் தாயும் அதில் ஒருத்தி. அவளும் திரும்பிப் பார்க்கவில்லை.

வீட்டுக்கு வந்து சொன்னபோது ரெங்கம்மாள், போனால் போகிறது, வெங்காயம் அறுக்க ஆள் தேவைப்படுகிறது, நாலு நாள் வா, வேறு வேலை பார்த்துக்கொள்ளலாம் என்றாள். மணிமொழி தட்டை நகர்த்திவிட்டு எழுந்தாள். வேலையை விட்டால் ஊர் சொன்னது மெய்யென்று ஆகிவிடும், அது அவளுக்குத் தெரியும்.

மறுநாள் கடைக்குப் போனாள். இஃப்பத் நடந்ததைத் தெருவெல்லாம் சொல்லியிருந்தாள், ஒரு பெண்ணும் வரவில்லை. ஐந்து நாற்காலியும் காலி. அவள் மூன்றாம் நம்பர் பெட்டிமுன் உட்கார்ந்தாள்.

கேட்காமல் வந்து விழுகிற இந்தப் படங்களுக்கு பாப்-அப் என்று பெயர். அதைத் தடுக்க அந்தப் பெட்டியிலேயே ஒரு காவல் உண்டு. பாப்-அப் வந்தால் அதை நிறுத்திவிட்டு, மேலே மஞ்சளாக ஒரு பட்டை காட்டும். இதை விடட்டுமா வேண்டாமா என்று கேட்கும். ஒரு தடவை விடு என்றும் சொல்லலாம், எப்போதும் விடு என்றும் சொல்லலாம். மணிமொழி வேலைக்குச் சேர்ந்த அன்றே ஐந்து பெட்டியிலும் அந்தக் காவலைப் போட்டிருந்தாள். பிறகு எப்படி வந்தது? செட்டிங்ஸைத் திறந்து பார்த்தாள். காவல் போட்டபடியே இருந்தது. அதற்குக் கீழே ஒரு கட்டம். எப்போதும் விடு என்று யாராவது சொன்ன இடங்களின் பெயரெல்லாம் அந்தக் கட்டத்தில் சேர்ந்துகொண்டே வரும். ஒன்றரை வருடமாக அவள் அதைத் திறந்து பார்த்ததில்லை. எண்ணினாள். நாற்பத்தொன்று.

பெயர்களைப் படிக்கப் படிக்கக் காது சுட்டது. ஒன்றுகூடத் தானாகச் சேராது. நாற்பத்தொரு தடவை ஒரு கை மவுஸைப் பிடித்து, எப்போதும் விடு என்று அழுத்தியிருக்க வேண்டும். அது மட்டுமா? இன்டர்நெட்டைத் திறந்ததும் முதலில் வருகிற பக்கத்தையும் யாரோ மாற்றி, அந்த நாற்பத்தொன்றில் ஒன்றை வைத்திருந்தார்கள். அதைத்தான் பாவம் ஜன்னத் திறந்திருக்கிறாள்.

பன்னிரண்டு மணிக்கு நசீருதீன் வந்தார். காலிக் கடையைச் சுற்றிப் பார்த்துவிட்டு, நாளையிலிருந்து வரவேண்டாம் என்றார். அவள் கட்டத்தைக் காட்டினாள். சாயங்காலம் வருகிறவர்கள் செய்த வேலை இது என்றாள். அவர் ஒத்துக்கொள்ளவில்லை.

"அனஸ் நேரத்துல ஒரு நாளும் இது வந்ததில்லயேம்மா. உன் நேரத்துலதான வருது?"

"அவங்க நேரத்துலயும் வந்துச்சுங்க பாய். வந்தப்ப யாரும் கத்தல."

அவர் முகம் கறுத்தது. சாட்சி இருக்கிறதா என்று கேட்டார். அந்தக் கட்டத்தில் தேதி கிடையாது, ஆள் பெயர் கிடையாது. யார் கை என்று அது சொல்லாது. மணிமொழி கடையை விட்டு இறங்கினாள். அழுதுகொண்டு பஸ்ஸுக்குப் போகிறாள் என்று நினைத்திருப்பார். அவள் நேராக இஃப்பத் வீட்டுக்குப் போய் வாசலில் நின்றாள்.

"ஊரெல்லாம் என்னைச் சொல்றது நீங்கதாம்மா. சொன்ன வாயோட கடைக்கு வந்து ஒன்னு பாத்துட்டுப் போங்க."

வாசலில் வந்து இப்படிக் கேட்டால் யாருக்குத்தான் கோபம் வராது? இஃப்பத்துக்கும் வந்தது. நான் பெற்ற பிள்ளையின் முகத்தைப் பார்க்க விடாமல் செய்துவிட்டு இங்கே வந்து என்னையே அதட்டுகிறாயா என்று பிடித்துக்கொண்டாள். மணிமொழி நகரவில்லை. கடைசியில், இவள் பார்வையில் கள்ளம் இல்லையே என்று தோன்றியதோ என்னவோ, அந்த அம்மாள் துப்பட்டியைப் போர்த்திக்கொண்டு கூடவே வந்தாள்.

தனக்கு இங்கிலீஷ் தெரியாதே என்றாள் இஃப்பத். தெரிய வேண்டாம், எண்ணத் தெரிந்தால் போதும் என்றாள் மணிமொழி. கட்டத்தில் இருந்த நாற்பத்தொரு வரியையும் அந்த அம்மாள் விரல் வைத்து எண்ணினாள். மணிமொழி எல்லாவற்றையும் அழித்தாள். இப்போது கட்டம் வெள்ளையாக இருந்தது. நாளை காலை பத்து மணிக்கு வந்து இதே கட்டத்தைப் பாருங்கள், அதுவரை நான் இந்தப் பக்கம் வரமாட்டேன், கடைச் சாவியும் என்னிடம் வேண்டாம் என்று சொல்லி, சாவியை இஃப்பத் கையிலேயே கொடுத்தாள். நசீருதீன் என்னவோ சொல்ல வாயெடுத்தார்.

"நீ சும்மா இரு நசீரு. உன் தம்பிகிட்ட மூச்சு விட்டியோ, அப்பறம் பள்ளிவாசல்ல வந்துதான் பேசுவேன்" என்றாள் இஃப்பத்.

அன்று சாயங்காலம் அனஸ் வழக்கம்போலத் தன்னிடமிருந்த சாவியால் கடையைத் திறந்தான், வழக்கம்போல மூடினான்.

மறுநாள் பத்து மணிக்கு நாலு பேரும் மூன்றாம் நம்பர் பெட்டிமுன் நின்றார்கள்: இஃப்பத், ஜன்னத், நசீருதீன், மணிமொழி. மவுஸை மணிமொழி தொடவில்லை, ஜன்னத்தை விட்டே திறக்கச் சொன்னாள். கட்டத்தில் ஏழு வரி இருந்தது. இஃப்பத் எண்ணினாள். மறுபடியும் எண்ணினாள். பிறகு நசீருதீனைப் பார்த்தாள். அவர் தரையைப் பார்த்தார்.

பிறகு மெதுவாக ஆரம்பித்தார். நீ வேலைக்கு வந்துவிடு, சிஸ்டத்தில் கோளாறு இருந்தது, சரி பண்ணிவிட்டோம் என்று எல்லோரிடமும் சொல்லிவிடலாம், யாருக்கும் தலைகுனிவு இல்லை என்றார். அதைக் கேட்டதும் மணிமொழி அவர் பக்கம் திரும்பினாள்.

"என்னைச் சொல்றப்ப சிஸ்டம்னு சொல்லலீங்களே பாய். என் பேரைத்தான சொன்னீங்க? இப்ப மட்டும் எதுக்கு சிஸ்டம்?"

அனஸைக் கூப்பிடுங்கள் என்றாள். அவன் வந்தான், தூக்கம் கலையாத முகம், கையில் பைக் சாவியைச் சுழற்றிக்கொண்டு. சங்கதி தெரிந்ததும் சிரித்தான். வருகிற கஸ்டமர் எதைப் பார்த்தால் எனக்கென்ன, பையன்கள் அப்படித்தான் இருப்பார்கள், இதற்குப் போய்ப் பஞ்சாயத்தா என்றான். மணிமொழி முதலாம் நம்பர் பெட்டியைப் போட்டாள். அதில் இன்னும் எதுவும் அழிக்கவில்லை. கட்டத்தைத் திறந்துவிட்டு நாற்காலியை அவன் பக்கம் இழுத்துப் போட்டாள்.

"ஒன்னும் இல்லாத விசயம்தான? ஒவ்வொன்னா வாசிச்சுட்டு அழிங்கண்ணே. அம்மாவுக்குக் கேக்கட்டும்."

மொத்தமாக அழிக்கவும் அதில் ஒரு பட்டன் உண்டு. அதை அவள் சொல்லவில்லை.

அனஸ் உட்கார்ந்தான். முதல் வரி ஏதோ பாட்டு இறக்குகிற இடம், வாசித்தான், அழித்தான். இரண்டாவது கிரிக்கெட், வாசித்தான். மூன்றாவது வரியில் வாய் திறந்தது, சத்தம் வரவில்லை. இஃப்பத் அவனுக்குப் பக்கத்திலேயே நின்றாள். சின்ன வயதில் அவனுக்குச் சோறு ஊட்டியவள் அவள்.

"வாசி வாப்பா. என் மவன் மூஞ்சி மேல வந்து நின்னது எதுன்னு நானும் தெரிஞ்சுக்கறேன்."

சாவி கையிலிருந்து நழுவிக் கீழே விழுந்தது. போதும் என்றார் நசீருதீன். போதாது என்றாள் மணிமொழி. எட்டுப் பேர் முன்னால் சொன்னதை எட்டுப் பேர் முன்னால் திருப்பிச் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் அவன் ஐந்து பெட்டியையும் வாசித்து முடிக்க வேண்டும், இரண்டில் ஒன்று என்றாள். அப்படி ஒரு நிபந்தனையை அந்தக் கடையில் அதுவரை யாரும் அவரிடம் வைத்ததில்லை.

வெள்ளிக்கிழமை காலை இஃப்பத் வீடு வீடாகப் போய்ப் பெண்களைக் கூட்டி வந்தாள். நசீருதீன் வாசலில் நின்று, மணி மேல் தப்பில்லை, தப்பு எங்கள் ஆண்கள் பக்கம்தான், விசாரிக்காமல் பேசியது என் தப்பு என்று சொன்னார். கனிந்து சொன்னார் என்று சொல்லமாட்டேன். பல்லைக் கடித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் சொன்னார்.

அன்றே மணிமொழி ஐந்து பெட்டியிலும் காலைக்கு ஒன்று, சாயங்காலத்துக்கு ஒன்று என்று இரண்டு லாகின் பிரித்தாள். அங்கே திறந்துவிட்டது இங்கே வராது. காலைக்கான பாஸ்வேர்டு அவளுக்கு மட்டும்தான் தெரியும். அனஸ் நாலைந்து தடவை கேட்டுப் பார்த்தான், நசீருதீன் ஒரு தடவை கேட்டார். இருவருக்கும் அவள் சொல்லவில்லை.

இஃப்பத் அந்த வாரமே மறுபடி வந்து மகனோடு ஒரு மணி நேரம் பேசினாள். எட்டில் ஐந்து பேர் வந்தார்கள். மீதி மூன்று பேர் நசீருதீன் சொன்னதை வாசலில் நின்று கேட்டார்கள், தலையாட்டினார்கள், ஆனால் அந்தப் படியில் மறுபடி கால் வைக்கவில்லை. அதில் ஒருத்தி அந்தக் குழந்தையின் தாய். அவள் வழியில் எதிரே வந்தால் மணிமொழி ஒதுங்க மாட்டாள். நடுவீதியில் நின்று, அவள் கண்ணைத் தாழ்த்தும்வரை பார்த்துவிட்டுத்தான் போவாள்.