அண்ணி வைத்த முதல் மீன் குழம்பு

நேற்று, பல குப்பத்துக்காரர்களைக் குடிவைத்திருக்கும் எர்ணாவூர் குடியிருப்பில் படியேறும்போது, ஒரு வீட்டிலிருந்து கத்திரிக்காய் போட்ட மீன் குழம்பின் வாசனை வந்தது. கூடவே, கடல் அரித்துக்கொண்டு போன எங்கள் குப்பத்தின் நினைவும் வந்தது. அங்கே மீனைக் கடல் தண்ணீரிலேயே அலசுவார்கள், அதனால் குழம்புக்கு உப்பைக் குறைத்துத்தான் போடுவார்கள். புது மருமகள் வைக்கும் முதல் குழம்பை ருசி பார்க்க அக்கம்பக்கத்துப் பெண்கள் கிண்ணத்தோடு வந்துவிடுவார்கள். பயிர் வைக்கும் குடும்பத்தில் பிறந்து, சடையங்குப்பத்திலிருந்து வந்த என் அண்ணி, தன் வீட்டு அளவில் உப்பை அள்ளிப் போட்டுவிட்டார்.

அம்மா நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். "இன்னா பொண்ணே, கடல் தண்ணில அலசுன மீனுக்கு இம்மாம் உப்பா? கிண்ணத்த தூக்கிகினு வந்துகினு கீறாளுங்க, மானம் போவப்போவுது!"

அண்ணி மீன் துண்டுகளை எடுத்து வைத்துவிட்டு, உப்பை இழுக்கத் தாய்வீட்டிலிருந்து கொண்டுவந்த பிஞ்சுக் கத்திரிக்காய்களைக் கீறிப் போட்டு, புளியும் தண்ணீரும் சேர்த்து, கண்ணைத் துடைத்துக்கொண்டே அடுப்பை ஊதினார். கத்திரிக்காய் வெந்ததும் மீனைத் திரும்பப் போட்டு இறக்கினார்.

"மீன் கொழம்புல கத்திரிக்காயா? எந்த ஊரு கூத்துடி இது?" என்று எதிர்வீட்டுச் செல்லம்மாக்கா சிரித்தார். சிரித்துக்கொண்டே கிண்ணத்தை மறுபடியும் நீட்டினார். அதன் பிறகு வீட்டுக்கு வீடு அந்தக் குழம்புதான். கேட்டவர்களுக்கெல்லாம் அண்ணி பக்குவம் சொன்னார்.

நேற்று வாசலில் தயங்கி நின்ற என்னிடம், கரண்டியோடு வெளியே வந்த முன்பின் தெரியாத பெண், "வாசனை இஸ்துச்சா நைனா? எங்க குப்பத்துக் கொழம்பு. அந்தக் காலத்துலேர்ந்து இப்டித்தான் வெப்போம்" என்றாள். அது எங்கள் அண்ணியின் குழம்பு என்று சொல்ல வாய்வரை வந்தது. கூச்சத்தில் தலையை மட்டும் ஆட்டிவிட்டு, மீதிப் படிகளை நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு ஏறினேன்.