ஏழு பேரும் ஒரு பின்சுவரும்

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எங்கள் வீட்டில் ஏழு பேர் உட்கார்ந்து ஒரு மணிநேரம் சண்டை போட்டார்கள். ஒரு சத்தம்கூட வரவில்லை.

அவர்களில் ஒருத்தி என் அத்தை. எல்லோருக்கும் ஆனையூர்ப் பக்கம் ஒரு நூல் மில்லில் வேலை. உள்ளே இயந்திர இரைச்சலில் குரல் எடுபடாது. உதட்டை அசைத்தே பேசிப் பழகியவர்கள். அன்று வீட்டிலும் அப்படிப் பேசியதற்குக் காரணம், பின்சுவருக்கு அந்தப் பக்கம் மில் மேஸ்திரி வீடு. சங்கம் வைக்க ஏழு கையெழுத்து வேண்டும். யார் யார் என்று தெரிந்தால் ஏழு வேலையும் போய்விடும்.

எனக்கு எட்டு வயது. கதவோரம் நின்று பார்த்தேன். வாய்கள் திறந்து திறந்து மூடின. ஒருவருக்குக் கழுத்து நரம்பு புடைத்தது. பஞ்சவர்ணம் அக்கா தேம்பி அழுதாள், ஊமைப்படம் மாதிரி. எனக்குத்தான் காது போய்விட்டதோ? பயந்துபோய் டம்ளரைத் தரையில் தட்டினேன். ணங்! ஏழு முகங்களும் ஒரே நேரத்தில் என் பக்கம் திரும்பின.

எல்லோரும் போனபிறகு அத்தை என் கன்னத்தைப் பிடித்தாள்.

"இங்கன யாரும் வரல. எவன் கேட்டாலும் அதத்தான் சொல்லணும், தெரிஞ்சுச்சா?"

"சரி அத்தை."

சாயங்காலம் பின்பக்கம் துவைக்கிற கல்லின்மேல் ஏறி நின்று அந்த வித்தையைப் பழகினேன். சத்தம் வராத பேச்சு பேச்சே இல்லை என்பது என் கணக்கு. வந்தவர்களின் பெயர்களையே ஒவ்வொன்றாக உதட்டால் சொன்னேன். நாலாவது பெயரில் நிமிர்ந்தால், சுவருக்கு மேலே மேஸ்திரியின் முகம். எவ்வளவு நேரமாக இருந்ததோ! சிரித்தார். அவர் உதடும் அசைந்தது.

'அப்புறம் யாரு பாப்பா?'

அவருக்கும் தெரிகிறதே! அவரும் ஒருகாலத்தில் அதே இயந்திரத்தின் முன் நின்றவர் என்பதை நான் எங்கே கண்டேன்? உற்சாகமாக இன்னும் இரண்டு பெயர் சொன்னேன். ஆறு விரலை மடக்கிவிட்டு, ஏழாவதை நீட்டிப் புருவத்தை உயர்த்தினார். நான் திரும்பி எங்கள் வீட்டைக் காட்டினேன்.

மறுநாள் வேலைக்குப் போன அத்தை அரைமணியில் திரும்பி வந்தாள். ஏழு பேரையும் கேட்டிலேயே நிறுத்திவிட்டார்களாம். அம்மாவிடம் அதை மட்டும் சொல்லிவிட்டுப் பின்வாசலில் போய் உட்கார்ந்தாள். பக்கத்தில் ஓடினேன். அவள் உதடு அசைந்துகொண்டிருந்தது, குரலே இல்லாமல்.

'யாரு சொல்லியிருப்பா? யாரு?'

மறுபடி விளையாட்டு! அதுவும் எனக்கு விடை தெரிந்த கேள்வி. வாயை நன்றாகத் திறந்து, சத்தமே வராமல், 'நான்தான் அத்தை' என்றேன். அவள் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டு தடவை சொல்லியும் என் பக்கம் திரும்பவில்லை. அவ்வளவு சரியாகச் சொன்னவளைப் பாராட்டக்கூட இல்லையே என்று, அன்று முழுக்க நான் அத்தையோடு பேசவில்லை.