அப்பாவைக் காணோம்!

நான் வேலைக்குப் போவதால், கால் தளர்ந்த அப்பாவைப் பசுமலைப் பக்கம் ஒரு முதியோர் இல்லத்தில் சேர்த்திருக்கிறேன். சில மாதங்களுக்கு முன், ஒரு ஞாயிறு ஆராதனை முடிந்து பார்க்கப் போனபோது கட்டில் காலியாக இருந்தது. விரிப்பைக்கூடக் காணோம். பதறி அழுதுவிட்டேன்.

பணிப்பெண் ஓடிவந்தார். "ஏன்க்கா அழுகுறீக? விரிப்பத் துவைக்கப் போட்டிருக்கு. அப்பா அடுப்படியில இருக்காக."

அங்கே அப்பா சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். "முடியாதவரைப் போய் வேலை வாங்குறீங்களா?" என்று அந்தப் பெண்ணிடம் கோபப்பட்டேன்.

அப்பா நிமிர்ந்தார். "அவள ஏம்மா வையுற? நானாத்தான் கேட்டு வாங்குனேன். ஒன் வீட்டுல எதையும் தொட விடமாட்டியே!"



இப்போதெல்லாம் விடுமுறைக்கு அப்பா வீட்டுக்கு வந்தால், "ரெஸ்ட் எடுங்கப்பா" என்பதில்லை. "கீரை ஆஞ்சு தாங்கப்பா" என்கிறேன். "இம்புட்டுத்தானா?" என்றபடி முறத்தை இழுத்துக்கொள்கிறார்.